குறைத்து எழுதுபவர்கள்

காலையில் நான் இரண்டு துண்டு ரொட்டி சாப்பிடுகிறேன். அறுபத்திரண்டு கிராம். ஐந்தே முக்காலுக்கு எழுந்து, பல் துலக்கி, பாலைக் காய்ச்சித் தேநீர் போடுகிறேன். டம்ளர் நிறைய ஊற்றினால் நூற்று எண்பது மில்லி. சர்க்கரை ஒரு கரண்டி, தலைதட்டி. சமையல் மேடைமேல் இருக்கும் சின்னத் தராசில் ரொட்டியை வைத்து, எண் ஆடி நிற்கும்வரை காத்திருந்து, குறித்துக்கொண்டு, பிறகு சாப்பிடுகிறேன். மீதம் வைத்தால் மீதத்தையும் நிறுத்துக் கழித்துவிடுகிறேன். யாரும் கேட்கவில்லை. எந்தப் படிவமும் பாக்கி இல்லை. பழக்கம்தான்.

தராசு ஆய்வு நிலையத்துடையது. இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். பெற்றுக்கொண்டதாக எழுதிக்கொள்ளுங்கள்.

விசாரணைக் குழுவில் நீங்கள் மூன்று பேரும் என்னிடம் அன்பாக நடந்துகொண்டீர்கள். தலைவர் எழுந்து வந்து மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, "சின்ன வயசுல பொண்டாட்டியப் பறிகொடுத்துட்டு நிக்கிறான், அவனைப் போட்டுக் குடையாதீங்க" என்று அவர் சொன்னது கதவு வழியாகக் கேட்டது. வரைவு அறிக்கை வந்து சேர்ந்தது. நன்றாக எழுதியிருக்கிறீர்கள். பக்கம் ஏழிலும் பக்கம் ஒன்பதிலும் இரண்டு பிழைகள் இருக்கின்றன. அவற்றைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். என் மனைவி அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துபவளாக இருந்தாள். பிழை தெரிந்தும் கையெழுத்துப் போடுவதைவிடப் பிழை செய்வதே மேல் என்பாள்.

பக்கம் ஏழில் இப்படி இருக்கிறது: "கணினி நிரலில் 5 என்று இருக்க வேண்டிய இடத்தில் 15 என்று உள்ளது. விரல் தவறி 1 என்ற எண் கூடுதலாக விழுந்திருக்கலாம்."

விரல் தவறவில்லை.

என் வேலை இன்னதென்று சொல்லாமல் மேலே போனால் விளங்காது. இரண்டாயிரத்து நூற்று நாற்பது பெரியவர்கள். ஆளுக்கொரு படிவம். அதில் நூற்றுப் பன்னிரண்டு உணவுப் பொருள்கள். ஒவ்வொன்றும் வாரத்துக்கு எத்தனை தடவை, தடவைக்கு எவ்வளவு என்று களப்பணியாளர் வீட்டுக்கே போய்க் கேட்டு நிரப்புவார். அதோடு மூன்று நாள் தின்பது குடிப்பது எல்லாவற்றையும் தராசில் நிறுத்து அவர்களே எழுத வேண்டும். எடையும் ரத்த அழுத்தமும் பார்ப்போம். ஓராண்டில் நான்கு சுற்று.

வரும் எண்களை வைத்து, யார் யாரைப் போலச் சாப்பிடுகிறார் என்று பிரிப்பது என் பொறுப்பு. ஒரு ஆளை ஒரு புள்ளி என்று வையுங்கள். ஒரே மாதிரி சாப்பிடுகிறவர்களின் புள்ளிகள் பக்கம் பக்கமாக விழும். தள்ளி நின்று பார்த்தால் கொத்துக் கொத்தாகத் தெரியும். எத்தனை கொத்து என்பதைக் கணினி ஓரளவு சொல்லிவிடும். ஏன் அந்தக் கொத்து என்று சொல்லாது. அதற்குப் பாலும் தெரியாது, பசியும் தெரியாது. பெயர் வைப்பவன் நான்.

இரண்டாம் சுற்று முடிந்தபோது நான்கு கொத்துகள் வந்தன. முதல் மூன்றும் எல்லா ஆய்விலும் வருபவை. வீட்டுச் சமையல் ஆட்கள், கடைத் தீனி ஆட்கள், இறைச்சியும் மாவும் விரும்புகிறவர்கள். நான்காவது சிறியது. தொண்ணூற்றாறு பேர். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டார்கள். பால், கஞ்சி, பழச்சாறு, குழைந்த பருப்பு. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எதை எடுத்தாலும் மற்ற மூன்றையும்விடக் குறைவு. அவர்களுக்கு "அளவறிந்து உண்பவர்கள்" என்று பெயர் வைத்தேன்.

இயக்குநர் திரையைப் பார்த்துக்கொண்டே நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"இதாம்ப்பா நம்ம கட்டுரை. மத்த மூணும் ஊருக்கே தெரிஞ்ச கதை."

"இன்னொரு தடவை வரணும் சார்."

"ஆமா. நாலாம் சுற்றுலயும் அதே ஆளுங்க அதே கொத்துல நிக்கணும். பத்துக்கு ஏழு பேராவது. இல்லன்னா நாம கிளி ஜோசியம் பாத்த மாதிரிதான்."

அவர் சொன்னது சரி. ஒரு தடவை தெரிவது மேகத்தில் யானை தெரிவது போல. இரண்டாம் தடவையும் அதே இடத்தில் தெரிந்தால்தான் யானை.

இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். சாப்பிட்டதை யாரும் உள்ளபடி எழுதுவதில்லை. குறைத்து எழுதுவார்கள். பெண்கள் இன்னும் குறைப்பார்கள் என்பது எங்கள் அலுவலகத்தின் பழைய கேலி. "தட்டுல மூணு, படிவத்துல ஒண்ணு" என்பார் இயக்குநர். அதனால் ஒரு பெண்ணின் கணக்கு நாளொன்றுக்கு ஐநூறு கலோரிக்குக் கீழே வந்தால் அதை நம்புவதில்லை. அவ்வளவு குறைவாகச் சாப்பிட்டு ஒருவர் மாதக்கணக்கில் நடமாட முடியாது. ஒன்பது என்ற குறியீட்டைப் போட்டு விலக்கிவிடுவோம். ஒன்பது என்றால் "நம்பத்தகாதது". அந்த விதியை நான் உண்டாக்கவில்லை. எல்லா நாட்டு ஆய்வுகளிலும் இருப்பதுதான்.

என் மனைவி ஆய்வுக்குள் வந்தது தற்செயல். முகவரிப் பட்டியலிலிருந்து குருட்டு எண்களால் ஆட்களைத் தேர்ந்தோம். அதில் எங்கள் வீடு விழுந்தது. வீட்டுக்கு ஒருவர்தான். நான் ஊழியன் என்பதால் அவள். எண் 1187. செய்தியைச் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"குலுக்கல் போட்டும் உனக்கு நான்தான் விழுந்திருக்கேன் பாரு. உன் தலையெழுத்து, சராசரி."

என்னைச் சராசரி என்றுதான் கூப்பிடுவாள். திருமணமான முதல் மாதத்திலிருந்து.

முதல் சுற்றில் அவள் கணக்கு ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. எடை ஐம்பத்தெட்டு கிலோ. படிவத்தின் அச்சிலிருந்த மூன்று எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, ஓரத்தில் குறி போட்டிருந்தாள். டம்ளரின் அடியில் தங்கிய தேநீரைக்கூட அளந்து கழித்திருந்தாள். நான் பார்த்ததிலேயே சுத்தமான படிவம் அதுதான். இரண்டாம் சுற்றில் ஆயிரத்து நானூற்றுப் பத்து, ஐம்பத்தாறு கிலோ. நான்காவது கொத்தில் விழுந்தாள். அன்று மாலையே அவளிடம் சொன்னேன். பங்கேற்பவரிடம் சொல்லக்கூடாது. அது என் முதல் தவறு. சின்னத் தவறு.

"நீ நாலாவது வகை."

"நல்ல வகையா?"

"இருக்கிறதுலயே நல்ல வகை. அளவறிந்து உண்பவர்கள்."

"யாரு வச்ச பேரு?"

"நான்தான்."

"பேரு வைக்கிறதுல நீ கில்லாடி. கல்யாணப் பத்திரிகைல என் பேருலயே பிழை விட்ட ஆளு."

ஆனால் அவளுக்கு மகிழ்ச்சி. மறுநாள் தன் அம்மாவிடம் தொலைபேசியில், "உன் பொண்ணு முதல் தரம்னு கம்ப்யூட்டரே சொல்லிடுச்சும்மா" என்றாள்.

இனி மூன்றாம் சுற்று.

இரண்டு சுற்றுகளுக்கு இடையே ஒருவரின் எடை நூற்றுக்கு ஐந்துக்குமேல் குறைந்தால், நிரல் தானாக ஒரு பட்டியல் எடுத்து ஆளுக்கொரு கடிதம் அச்சிடும். "உங்கள் எடை கவலைக்குரிய அளவில் குறைந்துள்ளது. உடனே மருத்துவரைப் பாருங்கள். பரிசோதனை இலவசம்." பட்டியலை எடுப்பதும் கடிதங்களை உறையில் போடுவதும் என் வேலை. மூன்றாம் சுற்றுக்குப் பிறகு பட்டியலில் முப்பத்து நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் இருபத்தொன்பது பேர் நான்காவது கொத்து.

கடிதம் போனால் இவர்கள் மருத்துவரிடம் போவார்கள். மருத்துவர் இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடாதே என்பார். மாத்திரை கொடுப்பார். பதினான்கு வாரம் கழித்து நாங்கள் நான்காம் சுற்றுக்குப் போகும்போது அவர்கள் வேறு மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தொண்ணூற்றாறில் இருபத்தொன்பது பேர் இடம் மாறினால் பத்துக்கு ஏழு கிடைக்காது. அளக்கப் போன பொருளை அளப்பவனே தள்ளிவிடுவது. எந்தப் பாடப்புத்தகமும் அதைச் செய்யாதே என்றுதான் சொல்லும்.

மூன்று நாள் யோசித்தேன். நீங்கள் நினைப்பது போல அது ஒரு நொடியில் நடந்ததல்ல. முதல் நாள் இயக்குநரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் கடிதங்களை அனுப்பச் சொல்லிவிடுவார் என்று தோன்றியதால் சொல்லவில்லை. இரண்டாம் நாள் கடிதங்களை அச்சிட்டு, உறையில் போட்டு, ஒட்டி, மேசை இழுப்பறையில் வைத்தேன். மூன்றாம் நாள் ஐந்துக்கு முன்னால் ஒன்று போட்டேன். மறுபடி ஓட்டினேன். பட்டியல் இரண்டு பேராகச் சுருங்கியது. அந்த இரண்டு பேருக்கும் அன்றைக்கே கடிதம் அனுப்பினேன். அவர்கள் இருவரும் இப்போது நலமாக இருக்கிறார்கள்.

மற்ற முப்பத்திரண்டு உறைகளும் இழுப்பறையிலேயே இருக்கின்றன. இடது பக்கம், இரண்டாவது. பூட்டில்லை.

பழைய பட்டியலில் பத்தொன்பதாவது வரி 1187. ஐம்பத்து மூன்று கிலோ. தொள்ளாயிரத்து நாற்பது கலோரி.

அவளுக்கு மட்டும் சொல்லியிருக்கலாமே என்று உங்களில் மருத்துவராக இருப்பவர் கேட்பார். யோசித்தேன். முப்பத்தொரு வீட்டுக்குக் கடிதத்தை நிறுத்திவைத்துவிட்டு என் வீட்டுக்கு மட்டும் தகவல் கொண்டுபோவது பாரபட்சம். தன் வீட்டுக்கு ஒரு நீதி, ஊருக்கு ஒரு நீதி என்று இருப்பவனை யாரும் மதிப்பதில்லை. நான் எல்லோரையும் ஒன்றாகத்தான் நடத்தினேன்.

வீட்டிலும் விதியை மீறவில்லை. சாப்பாட்டு மேசையில் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று நான் ஒரு தடவை சொன்னாலும் அது அவள் கணக்கில் ஏறும். சொல்லவில்லை. அவள் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து வைத்துவிட்டு நடுப்பகுதியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடத் தொடங்கினாள். பிறகு ரொட்டியை விட்டாள். சோற்றைக் கரைத்துக் குடித்தாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். நான் எதிரே உட்கார்ந்து என் தட்டைக் காலி செய்தேன். அவள் பிய்த்து வைத்த ஓரங்களையும் நானே தின்றேன். வீணாகக் கூடாது.

அவள் புலம்பும் ரகமல்ல. எதையும் வேடிக்கையாகத்தான் சொல்வாள்.

"தொண்டைக்குக் கீழ யாரோ வாட்ச்மேன் வச்சிருக்காங்கப்பா. ஒவ்வொரு வாய்க்கும் அடையாள அட்டை கேக்குறான்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இன்னொரு நாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏன் சராசரி, நான் நல்ல வகைன்னா, இந்த வலியும் நல்ல வலியா?"

"படிவத்துல வலிக்குக் கட்டம் இல்லயே" என்றேன்.

"அதானே. கட்டம் இல்லாத ஊர்ல வலிக்கு என்ன வேலை" என்று சொல்லிவிட்டுக் குழாயை மூடினாள்.

என் முதல் வாக்குமூலத்தில், உடம்பு சரியில்லை என்று அவள் என்னிடம் சொன்னதே இல்லை என்று எழுதினேன். வேடிக்கைப் பேச்சை நான் அதில் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பக்கம் ஒன்பதுக்கு வருகிறேன். இது தராசு அக்காவைப் பற்றியது. ஐம்பது வயதுக்காரர். ஒப்பந்த ஊழியர். தோளில் தராசுப் பையோடு மூன்று ஆண்டுகளாக வீடு வீடாக ஏறி இறங்குகிறவர். உங்களிடம் புகார் கொடுத்ததும் அவர்தான். படிவத்தின் கட்டங்களைத் தவிர ஓரத்திலும் பென்சிலால் எழுதுவது அவர் வழக்கம். "மகன் வெளியூர் போனதிலிருந்து சமைப்பதில்லை", "பல் இல்லை", இப்படி. தட்டச்சு செய்கிறவர்கள் கட்டங்களில் இருப்பதை மட்டும்தான் அடிப்பார்கள். ஓரம் கணினிக்குள் போகாது. அது அவருக்கும் தெரியும்.

மூன்றாம் சுற்றுப் படிவங்களெல்லாம் தட்டச்சாகி முடிந்த பிறகு ஒரு நாள் என் மேசைக்கு வந்தார். நான் உறைகளை இழுப்பறையில் வைத்த அதே நாள்.

"தம்பி, கடுதாசியெல்லாம் போயிடுச்சா?"

"போகும்க்கா."

"சீக்கிரம் அனுப்புங்க. இந்தத் தடவை நெறைய பேரு இளைச்சுப் போயிருக்காங்க." தராசுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "உங்க வீட்லயும் கொஞ்சம் பாருங்க தம்பி."

"அக்கா, நீங்க பதில் வாங்கிட்டு வர்ற ஆளு. அபிப்பிராயம் எழுதப் படிவத்துல கட்டம் இல்ல."

"கட்டம் இல்லன்னுதான் ஓரத்துல எழுதியிருக்கேன்."

"ஓரம் உள்ள போகாதுக்கா."

"உள்ள போகலன்னா என்ன. நீங்க படிப்பீங்கல்ல?"

படித்தேன். அவர் போன பிறகு 1187ஐ எடுத்துப் படித்தேன்.

அவர் தன் புகாரில், அந்தப் படிவத்தின் ஓரத்தில் குறிப்பு எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள். ஓரம் வெறுமையாக இருந்தது. அதனால், "முந்நூறு படிவங்களில் நினைவு தடுமாறியிருக்கலாம், கணவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வாய்ப்பில்லை" என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அதோடு, விதிகளை மீறிப் பங்கேற்பாளர் ஒருவரைத் தானே மருத்துவமனைக்கு அழைத்துப் போனதற்காக அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்றும் பரிந்துரைத்திருக்கிறீர்கள்.

அவருக்கு நினைவு தடுமாறவில்லை. படிவத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வலது ஓரத்தில் பென்சில் அழுத்திய தடம் தெரியும். அக்கா அழுத்தி எழுதுகிறவர். ரப்பர் என்னுடையது. துகளை ஊதிவிட்டேன்.

மூன்று வரி இருந்தது. "முழுங்கும்போது நெஞ்சில் அடைக்கிறதாம். இரண்டு மாதமாக. வீட்டுக்காரரிடம் மூன்று தடவை சொல்லியாகிவிட்டது என்கிறார்."

மூன்று என்ற எண்ணை அவள் எப்படிக் கொண்டுவந்தாள் என்று அப்போது எரிச்சலாக இருந்தது. எனக்கு இரண்டுதான் நினைவிருந்தது.

ஏன் அழித்தேன் என்பதற்குப் பல நாள் ஒரு காரணம் வைத்திருந்தேன். ஓரக் குறிப்பு எல்லாப் படிவத்திலும் ஒரே முறையில் வாங்கப்பட்டதல்ல, ஆகவே தரவு ஆகாது என்று. அப்படியென்றால் மற்ற படிவங்களின் ஓரத்தையும் அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. முப்பத்து மூன்று குறிப்புகள் அப்படியே இருக்கின்றன. எல்லாவற்றையும் அன்றைக்கே படித்தேன். "பால் மட்டும் இறங்குகிறது." "இருமினால் ரத்தம்." "சாப்பாட்டு வாசனையே பிடிக்கவில்லை." "காரணம் தெரியவில்லை, அழுகிறார்."

ஆகவே, கொத்துக்கு நான் வைத்த பெயர் தவறு என்பது மூன்றாம் நாள் காலையில் எனக்குத் தெரியும். அவர்கள் அளவறிந்து உண்பவர்கள் அல்ல. உண்ண முடியாதவர்கள். தொண்ணூற்றாறு பேரும் அல்ல. ஆனால் கொத்தை அந்த இடத்துக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். உடம்பு உருகும்போது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கும். அதைத்தான் நான் ஆரோக்கியம் என்று படம் வரைந்து காட்டினேன். தெரிந்த பிறகுதான் ஒன்று போட்டேன். கடிதம் போனால் கொத்து கலையும். நோயாளிகள் நோயாளிகளாகவே இருந்தால் கலையாது.

கலையவில்லை. நான்காம் சுற்றில் தொண்ணூற்றாறில் எழுபத்தோரு பேர் அதே இடத்தில் நின்றார்கள். இயக்குநர் என் முதுகில் தட்டினார். கட்டுரை வெளிவந்தது. சுகாதார நிலையங்களில் "அளவறிந்து உண்போம்" என்று ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுக்கிறார்கள். பச்சை நிறம். அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

எழுபத்தோரு பேரில் என் மனைவி இல்லை. நான்காம் சுற்றில் அவள் எடை நாற்பத்தாறரை. மூன்றாம் சுற்றிலிருந்து நூற்றுக்குப் பன்னிரண்டு குறைந்திருந்தது. பதினைந்தைத் தொடவில்லை, ஆகவே நிரல் அவளுக்குக் கடிதம் அச்சிடவில்லை. கலோரி நானூற்று முப்பது. ஐநூறுக்குக் கீழ். ஒன்பது போட்டேன். நம்பத்தகாதது.

உணவை நிறுத்து எழுத வேண்டிய மூன்று நாளும் அவள் மேசையில் உட்கார்ந்து தராசில் டம்ளரை வைத்து எழுதியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கை நடுங்கியதால் எண் நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

அது முடிந்து, அந்தச் சுற்றுக்கு வீட்டுக்கு வந்த தராசு அக்கா, படிவத்தை நிரப்பாமல் மூடி வைத்துவிட்டு, அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். படிவத்தை மறுநாள் வார்டில் வைத்து நிரப்பினார்கள். அவள்தான் வற்புறுத்தினாளாம். "ஒரு சுற்று விட்டுப்போனா எங்க வீட்டுக்காரருக்குக் கணக்கு இடிக்கும்க்கா" என்றாளாம்.

உணவுக்குழாயில் கட்டி. மருத்துவர் படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். "ஒரு மூணு நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மீதியை நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். பதினான்கு வாரம் என்பது மூன்றே கால் மாதம்.

அதன்பிறகு ஒன்பது வாரம் இருந்தாள். உறை போகாத முப்பத்திரண்டு பேரில் இன்றுவரை இறந்தவர்கள் அவளோடு சேர்த்துப் பதினோரு பேர். பட்டியல் இணைப்பில் இருக்கிறது. மற்ற இருபத்தொரு பேரில் பதினான்கு பேரின் முகவரிக்கு நேற்றும் இன்றும் நானே போனேன். ஏழு வீடுகள் பாக்கி. முகவரிகளை அடிக்கோடிட்டிருக்கிறேன். இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே யாரையாவது அனுப்பிவிடுங்கள். தராசு அக்காவை அனுப்பினால் கதவைத் திறப்பார்கள்.

அவருடைய ஒப்பந்தத்தைப் பற்றியும் திரும்ப யோசியுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. என் மாமியாரைப் பற்றியது. உங்கள் அறிக்கையில் இதற்கு இடமில்லை. ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் இறந்த அன்று வார்டில் நான் மட்டும்தான் இருந்தேன். அத்தை வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வராந்தாவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்ன சொன்னா மாப்பிள்ளை? எதாவது சொன்னாளா?" என்று கேட்டார். "அம்மாவப் பாத்துக்கோன்னு சொன்னா அத்தை" என்றேன். அத்தை அதை வைத்துக்கொண்டுதான் இப்போது இருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். "சாகுற நேரத்துலயும் என்னைத்தான் நெனச்சிருக்கா."

அவள் அப்படிச் சொல்லவில்லை.

அதற்கு இரண்டு நாள் முன்னால், கொஞ்சம் தெளிவாக இருந்த ஒரு மதியத்தில், தன் நாலாவது படிவம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். குரல் அடங்கியிருந்ததால் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"விலக்கியாச்சு" என்றேன். அவளிடம் நான் எண்களில் பொய் சொன்னதில்லை.

"ஏன்?"

"ஐநூறுக்குக் கீழ. அவ்வளவு கம்மியா யாரும் சாப்பிட்டு இருக்க முடியாது. குறைச்சு எழுதியிருப்பாங்கன்னு விதி."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அச்சகத்தில் இரண்டாம் மெய்ப்பைப் பார்ப்பது போல, நிதானமாக.

"நீயும் அப்படித்தான் நெனச்சியா?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றேன்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு இரண்டு நாள் பேசவில்லை. வலி மருந்தினால் என்று செவிலியர் சொன்னார். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

கடைசி நாள் காலை ஆறு மணி இருக்கும். கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையில், உள்ளே போன தண்ணீர், வெளியே வந்த தண்ணீர் என்று இரண்டு வரிசை இருந்தது. செவிலியர் கேட்டதால் நான்தான் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒரு கரண்டித் தண்ணீரை அவள் உதட்டில் வைத்தேன். பாதி வழிந்தது. அட்டையில் ஐந்து மில்லி என்று எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது கண்ணைத் திறந்து என் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருகே போனேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்தேன்.

"நான் எதையும் குறைச்சு எழுதல."